பட்டர்வொர்த் வீட்டுக் கூரையில் சோலார்: 15 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் பாகான் டாலாம் பக்கம் உள்ள எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டின் கூரையிலிருந்து மின்சாரம் வரத் தொடங்கி 15 மாதங்கள் ஆகின்றன. மொத்தம் 8 சோலார் தகடுகள், 4 கிலோவாட் அமைப்பு. விலை 19,500 ரிங்கிட். சோலாரிஸ் திட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த 4,000 ரிங்கிட் கழிவு போக, எங்களுக்கு ஆன செலவு 15,500 ரிங்கிட். பொருத்திக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையில் நல்லதும் உண்டு, மன்னிக்க முடியாத அலட்சியமும் உண்டு, இரண்டையும் சொல்கிறேன். ஆனால் இந்தச் சேவையை வாங்க நினைப்பவர்கள் நிறுவனத்தை ஆராய்வதற்கு முன் ஆராய வேண்டியது வேறொன்று இருக்கிறது. தகடும், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் யாரிடமும் கிடைக்கும். அந்தத் தகடு உற்பத்தி செய்யும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை சென் மதிப்பு என்பதை முடிவு செய்வது விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர்; அரசாங்கத்தின் விதிதான். நான் 15,500 ரிங்கிட் கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி அந்த விதிதான் என்பதைப் பில்லைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

சோலார் போடுவதற்கு முன் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட் ஓடும். இரண்டு அறைகளில் குளிர்சாதனம், ஒரு பெரிய குளிர்ப்பெட்டி, மருமகள் வீட்டிலிருந்து வேலை செய்யும் கணினி என்று சாதாரணக் குடும்பச் செலவுதான். அப்போது இருந்த கட்டணம் படிக்கட்டு போன்றது. முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 சென், அடுத்த 300க்கு 51.60 சென், அதற்கும் மேல் 300க்கு 54.60 சென். ஆகவே 700 யூனிட்டுக்கு 290 ரிங்கிட்டைத் தொட்டுவிடும். தகடுகள் வந்தபின் ஒரு மாதத்துப் பில்லை எடுத்துக்கொள்கிறேன். கூரை கொடுத்தது 480 யூனிட். அதில் பகலில் வீட்டிலேயே செலவானது 160. மீதி 320 மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் கம்பிக்குப் போனது. இரவிலும் மழை நேரத்திலும் கம்பியிலிருந்து நாங்கள் எடுத்தது 540. நாங்கள் சேர்ந்த நெம் ராக்யாட் என்ற வீட்டுக் கூரை சோலார் திட்டத்தில், கம்பிக்கு அனுப்பிய ஒரு யூனிட்டுக்கு எடுத்த ஒரு யூனிட் என்று நேருக்கு நேர் கழிபடும். 540இல் 320 கழிந்தால் 220. அந்த 220 யூனிட்டுக்கு வந்த பில் 50 ரிங்கிட்டைச் சற்றே தாண்டியது.

இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. விற்பனையாளர்கள் அதை விளக்கவில்லை. தகடு கொடுத்த யூனிட்டுகள் அந்தப் படிக்கட்டின் உச்சியிலிருந்துதான் கழிந்தன. 54.60 சென், 51.60 சென் என்ற விலையுயர்ந்த யூனிட்டுகள் முதலில் மறைந்தன, 21.80 சென் யூனிட் கடைசியில்தான் மறைந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் 8 தகடு போதாது, 10 போடுங்கள், பில் பூஜ்யமாகிவிடும் என்று வற்புறுத்தினார். கூடுதல் இரண்டு தகடுக்கு அவர் கேட்டது 3,800 ரிங்கிட். அரசாங்கக் கழிவு ஒரு கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட் வீதம் 4,000 ரிங்கிட்டோடு நின்றுவிட்டதால், அந்த இரண்டு தகடுக்குக் கழிவு ஒரு சென்கூட இல்லை. அவை குறைக்கப்போவதோ மலிவான தட்டில் இருக்கும் யூனிட்டுகளை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு 28 ரிங்கிட் மிச்சம், போட்ட பணம் திரும்ப 11 ஆண்டு. ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் ஒப்பந்தத்தின் ஆயுளே 10 ஆண்டுதான். 8 தகடுகளுக்கோ மாத மிச்சம் 235 ரிங்கிட்டை ஒட்டியது. அந்தக் கட்டணத்தில் ஐந்தரை ஆண்டில் முதல் திரும்பும். கழிவு இல்லாதிருந்தால் ஏழு ஆண்டு ஆகியிருக்கும். பில் பூஜ்யம் என்ற சொல்லுக்கு மயங்கி என் நண்பர்கள் சிலர் பெரிய அமைப்பைப் போட்டுக்கொண்டு, மாதா மாதம் மிஞ்சும் யூனிட் வரவை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறார்கள். நெம் ராக்யாட்டில் மிஞ்சிய வரவு பணமாகக் கைக்கு வராது. 12 மாதம் வரை அடுத்த பில்களில் கழிபடும், அதற்கு மேல் போனது போனதுதான்.

விதி எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதற்கு இந்த நாட்டு அனுபவமே போதுமான சான்று. 2016 நவம்பரில் நெம் திட்டம் முதலில் தொடங்கியபோது 500 மெகாவாட் ஒதுக்கீடு இருந்தது. அப்போது வீட்டிலிருந்து கம்பிக்குப் போகும் மின்சாரத்துக்கு 31 சென் மட்டுமே கிடைத்தது. வாங்கும் விலையோ அதைவிட அதிகம். மக்கள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒதுக்கீட்டில் பெரும்பகுதி அப்படியே கிடந்தது. 2019 ஜனவரியில் விதியை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். 2020 முடிவதற்குள் அந்த 500 மெகாவாட்டும் நிரம்பிவிட்டது. சூரியன் அதே சூரியன், கூரை அதே கூரை. ஒரு விதியில் ஒரு வரி மாறியது; இரண்டே ஆண்டில் நாடெங்கும் கூரைகள் மாறின. 2021இல் வந்த மூன்றாம் கட்டத்தில் வீடுகளுக்கென்று தனியாக நெம் ராக்யாட் பிரிக்கப்பட்டு 100 மெகாவாட் ஒதுக்கப்பட்டது. அது நிரம்ப நிரம்ப ஒதுக்கீட்டைக் கூட்டிக்கொண்டே போய், 2025 ஜூன் 30 அன்று திட்டத்தை முடித்தார்கள்.

அதற்கும் முந்திய கட்டம் ஒன்று உண்டு. 2011இல் நாடாளுமன்றம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. அதை நடத்துவதற்கென்றே செடா என்ற ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் சிறிய வீட்டு அமைப்புக்கு ஒரு யூனிட்டுக்கு அடிப்படை விலையாக 1 ரிங்கிட் 23 சென் கொடுத்தார்கள். அதுவும் 21 ஆண்டுக்கு மாறாத விலை. ஜெர்மனி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20 ஆண்டுக்கு நிலையான விலை உறுதியளித்து ஒரு பெரிய தொழிலையே வளர்த்தெடுத்த வழிதான் இது. தகடு யானை விலை விற்ற காலத்தில் அப்படி ஒரு விலை கொடுத்திராவிட்டால் யாரும் கூரையில் ஏறியிருக்க மாட்டார்கள். தகட்டின் விலை இறங்க இறங்க, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் விலையையும் இறக்கினார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் 2013இல் போட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய ஒப்பந்தம் 2034 வரை ஓடும். அவரைப் பார்த்துத்தான் எனக்கே இந்த எண்ணம் வந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் தங்கள் மின்கட்டணப் பில்லின் கீழ்ப்பகுதியைப் பார்க்க வேண்டும். கேடபிள்யூடிபிபி என்று ஒரு வரி இருக்கும், 1.6 விழுக்காடு. தொடக்கத்தில் 1 விழுக்காடாக இருந்து 2014 ஜனவரியில் 1.6 ஆனது. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் அந்தச் சிறு தொகையை நாம் பல ஆண்டாகக் கட்டி வருகிறோம். பெரும்பாலோருக்கு அது என்னவென்றே தெரியாது. கொள்கை என்பது புத்ராஜெயாவில் எங்கோ எழுதப்படும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒற்றை வரியைக் காட்டுவேன்.

இனி நிறுவனத்தின் சேவை. 2024 ஜூலையில் ஒப்பந்தம் போட்டோம். கூரை வேலை ஆகஸ்ட்டில் ஒரே நாளில் முடிந்தது. ஆனால் மீட்டர் மாறி அமைப்பு ஓடத் தொடங்கியது அக்டோபரில்தான். இடையில் வீணான காலத்துக்குக் காரணம் நிறுவனத்தின் அலட்சியம். எங்கள் மின்கணக்கு காலமான என் அப்பாவின் பெயரில் இருந்தது. வீட்டு நிலப்பத்திரம் என் பெயருக்கு மாறி நெடுநாள் ஆகியும் மின்பில்லை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நம்மவர் வீடுகளில் இது சாதாரணம். முதல் நாளே அந்தப் பில்லின் நகலை விற்பனையாளர் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார். விண்ணப்பதாரர் பெயரும் மின்கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அதைக் கவனிக்காமல் என் பெயரில் விண்ணப்பத்தைத் தயார் செய்து, ஐந்து வாரம் கழித்து, தகடுகள் கூரையில் ஏறிய பிறகு, ஆவணம் பொருந்தவில்லை என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்கள். நான் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு வந்தேன், மறுபடியும் முதலிலிருந்து. அத்தனை நாளும் 8 தகடுகள் வெயிலில் சும்மா கிடந்தன. அப்போதைய கணக்கில் மாதம் 235 ரிங்கிட் இழப்பு. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, ஒதுக்கீடு எப்போது நிரம்பும் என்று தெரியாத ஒரு திட்டத்தில் எங்கள் விண்ணப்பத்தை அவ்வளவு மெத்தனமாக நடத்தியதுதான். காலக்கெடுவும் ஒதுக்கீடும் உள்ள கொள்கையில் நிறுவனத்தின் காகித வேலை கூரை வேலைக்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

இரண்டாவது குறை கூரை ஒழுகியது. வேலை முடிந்த மூன்றாம் வாரம் நள்ளிரவில் ஒரு பெருமழை. மாடியில் கிழக்கு அறையின் சீலிங் மூலையில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம் விழுந்தது. காலையில் அது உள்ளங்கை அளவாகப் பரவியிருந்தது. தகடு தாங்கும் கொக்கியைச் செருகும்போது ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் தலைமுடி அளவுதான், மேலே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. நிறுவனம் முதலில், பழைய கூரை அப்படித்தான் என்றது. கூரைக் கசிவுக்கு உத்தரவாதம் என்று ஒப்பந்தத்தில் இருந்த வரியைக் காட்டிய பிறகு வந்து, பசை தடவிவிட்டுப் போனார்கள். மறுபடி ஒழுகியது. மூன்றாம் முறைதான் அந்த ஓடு முழுவதையும் மாற்றினார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாதிருந்தால் நான் என் செலவில் செய்திருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், ஓட்டுக்கு எத்தனை ஆண்டு என்று கேட்டால்தான் சொல்வார்கள்.

மெச்ச வேண்டியது மின்வேலை. வந்த வயர்மேன் ஒரு தமிழ் இளைஞர்; உடன் ஒரு மலாய்ப் பெரியவர். சமையலறைப் பின்சுவரில் மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து இன்வெர்ட்டரை மாட்டினார்கள். சூடு ஏறினால் அது தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்த இடத் தேர்வு முக்கியம். கம்பிகளைக் குழாய்க்குள் நேர்கோட்டில் கொண்டுவந்து, ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் ஒட்டி, ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினார். “அண்ணே, ரோட்டுல கரண்ட் போச்சுன்னா இதுவும் நின்னுடும். உச்சி வெயிலா இருந்தாலும் வேலை செய்யாது. கெட்டுப்போச்சுன்னு பயந்து போன் பண்ணாதீங்க” என்றார். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. மின்தடையிலும் விளக்கெரியும் என்று நினைத்துத்தான் நானே தொடங்கினேன்; அதற்கு மின்கலம் வேண்டும், அது தனிச் செலவு. விற்பனையாளர் மூன்று முறை வந்தும் சொல்லாததை அந்தத் தம்பி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

உற்பத்தியைப் பொறுத்தவரை குறையில்லை. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. எங்கள் கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிந்திருந்தும் பெரிய நட்டம் தெரியவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் நன்றாகக் கொடுக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் 400 யூனிட்டை ஒட்டி இறங்கிவிடும். தகடுகளை இதுவரை நான் கழுவியதில்லை. நம் ஊர் மழை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. இது நிறுவனத்தின் மீது அன்று. இங்கிருந்து அதிக தூரமில்லாத கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2008இலேயே தகடு செய்யத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டு முதலீட்டை ஈர்க்கும் தொழிற்கொள்கை அவ்வளவு சீக்கிரம் வேலை செய்த வட்டாரத்தில், வீட்டுக் கூரைக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விதி வந்து சேர 2019 ஆனது. இன்னும் வந்து சேராத இடங்களும் உண்டு. அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் மக்கள் எத்தனை பேர்! 300 யூனிட்டைத் தாண்டினால் அவர்களும் அந்த 1.6 விழுக்காட்டைக் கட்டுகிறார்கள். ஆனால் சொந்தக் கூரை இல்லாததால் கழிவும் இல்லை, வரவும் இல்லை. தரைவீடு வைத்திருக்கும் எனக்கு 4,000 ரிங்கிட் கொடுத்த கொள்கை, பிளாட்டில் இருக்கும் என் தங்கைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்கதாக்குவோம் என்று 2023இல் வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டவரைவு சொல்கிறது. அந்தப் பயணத்தில் பிளாட்வாசிகளுக்கும் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கும் வழியை அரசாங்கம் கண்டாக வேண்டும். பொதுக் கூரையில் தகடு போட்டு, ஒவ்வொரு வீட்டுப் பில்லிலும் சமமாகக் கழிப்பது முடியாத காரியமன்று.

இப்போது போட நினைப்பவர்களுக்கு நிலைமை வேறு. 2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் பழைய படிக்கட்டுக் கட்டணம் போய்விட்டது. மாதம் 1,500 யூனிட் வரை எரிசக்திக்கு 27.03 சென், மின்நிலையத் திறனுக்கு 4.55 சென், கம்பிவடத்துக்கு 12.85 சென் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், சேர்த்தால் 44.43 சென். 2026 ஜனவரியில் நெம் ராக்யாட்டின் இடத்துக்குச் சோலார் அத்தாப் வந்திருக்கிறது. அத்தாப் என்றால் மலாயில் கூரை. தோட்டத்தில் அத்தாப்புக் குடிசை என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பெயரே நெருக்கமாக ஒலிக்கும். ஆனால் விதி இறுகியிருக்கிறது. கம்பிக்கு அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்தியின் 27.03 சென் மட்டுமே வரவு. மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகாது. அதாவது வீட்டிலேயே பயன்படுத்தும் ஒரு யூனிட் 44.43 சென் மிச்சப்படுத்துகிறது. வெளியே அனுப்பினால் அதில் 17.40 சென் குறைந்துவிடுகிறது. என்னைப் போன்ற பழைய ஒப்பந்தக்காரருக்குத் துணியைப் பகலில் துவைத்தாலும் இரவில் துவைத்தாலும் ஒன்றுதான். புதியவருக்கு அப்படியில்லை, பகலில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு 8 தகடு போடுவது வீண். பகலில் என்ன ஓடுகிறது என்று ஒரு வாரம் மீட்டரைக் காலையும் மாலையும் குறித்துவைத்து, அதற்கேற்ற அளவில் போட வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். காலை 9 மணி முதல் மாலை 4 வரை மாவு அரைவையும் இரண்டு உறைபெட்டிகளும் ஓடிக்கொண்டே இருக்கும். புதிய விதி அவருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. போன வாரம் பில்லை எடுத்துக்கொண்டு வந்து, “தம்பி, எனக்கு எத்தனை தகடு போடலாம்?” என்று கேட்டார். ஒரு வாரம் மீட்டரைக் குறிப்போம், 6 போதும் என்று தோன்றுகிறது என்றேன். அதற்கு முன் பில்லின் மேல்பகுதியைப் பார்த்தேன். காலமான அத்தானின் பெயர்தான் இன்னும் இருக்கிறது. முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை பெயர் மாற்ற இருவரும் போகிறோம்.